வெயில் விழும் பக்கம்

சென்னை வீட்டைக் காலி செய்தபோது முதலில் விலைபோனது ஏசி. வாங்க வந்தவர் எந்த ஊருக்குப் போகிறோம் என்று விசாரித்தார். குன்னூர் என்றதும் ஃப்ரிட்ஜையும் சீலிங் ஃபேன்களையும் சேர்த்துக் கேட்டார். "அங்க இதுக்கெல்லாம் என்ன சார் வேலை? லாரி வாடகைதான் தண்டம்." ஃப்ரிட்ஜைக் கொடுக்கவில்லை, ஃபேன்கள் போயின. டேபிள் ஃபேனை மட்டும் அம்மா தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

ஊரை விடுவதற்குக் காரணம் வெயில் என்று எல்லோரிடமும் சொன்னோம். சொல்வதற்குச் சுலபம். ஆனால் சென்னைக்காரனுக்கு வெயிலோடு அவ்வளவு பெரிய பகை கிடையாது. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது மேற்கிலிருந்து அடித்த வறண்ட காற்று. ஜன்னலில் ஈரத்துணி கட்டி, மோர் குடித்து, ஊர் எப்படியோ சமாளித்தது. ஆளைச் சாய்ப்பது ஈரக்காற்றுதான். வியர்வை வெளியே வந்தால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது, அது ஆவியாக வேண்டும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீர் நிரம்பிக் கிடப்பதால் நம் வியர்வைக்கு அதில் இடமில்லை. மத்தியானம் கடற்காற்று உள்ளே புகுந்தால் வெப்பமானி கொஞ்சம் இறங்கும், கசகசப்பு ஏறும். ராத்திரி பதினோரு மணிக்கும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் பார்ப்பது வீட்டில் உட்கார்ந்து புரூஃப் திருத்தும் வேலை. மே மாதங்களில் முழங்கை பட்ட இடமெல்லாம் அச்சுத்தாள் நனைந்து எழுத்து கலங்கும். எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை என்றால் இங்கிருந்துதான் செய்யவேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு கத்திரியிலும் எழும், ஐப்பசியில் மழை வந்ததும் அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை.

நெய்தலை விட்டுக் குறிஞ்சிக்குப் போகிறாயா என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். வீட்டு அட்வான்ஸைத் திரும்பப் பெறுவது எப்படி என்று எந்தச் சங்கப் புலவரும் பாடி வைக்கவில்லை என்று பதில் போட்டேன்.

சாமான்கள் லாரியில் போயின. நாங்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி சென்ட்ரலில் ஏறி விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் மலை ரயிலுக்குத்தான் டிக்கெட் வாங்கியிருந்தேன். குடிமாறிப் போகிறவன் ஒரு தடவையாவது மெதுவாகப் போகவேண்டும் என்பது என் கட்சி. அம்மாவுக்கு அந்தக் கட்சியில் உறுப்பினராக விருப்பமில்லை. "லாரி முன்னாடி போய் நிக்குமே, சாமானை யாரு இறக்குவா?" என்பதே கல்லார் வரை பேச்சாக இருந்தது.

கல்லாரில் பாக்குத் தோப்பு. காற்று இன்னும் சமவெளிக் காற்றுதான், மேட்டுப்பாளையத்தின் புழுக்கம் பெட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. இங்கிருந்துதான் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப்பட்டை தொடங்குகிறது. என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பழைய ஸ்விஸ் வடிவமைப்பு. ஒரு ஜோடி சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும், இன்னொரு ஜோடி பற்சக்கரத்தைச் சுழற்றும், அந்தப் பற்சக்கரம் பட்டையின் பல்லைப் பிடித்துப் பிடித்து ஏறும். ஏற்றம் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற கணக்கை ஒட்டி வரும் இடங்கள் உண்டு. பல்லில் பல் மாட்டும் அந்த 'கடக் கடக்' பாதத்துக்குக் கீழே பலகையில் தெரிகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். பச்சையை ஒருவர் அசைத்தால் அடுத்தவர் அசைக்க, அது பெட்டி பெட்டியாகப் பின்னாலுள்ள டிரைவருக்குப் போகிறது. டிரைவருக்கு முன்னால் தெரிவது பெட்டியின் முதுகு மட்டும்தான். இந்த வழியில் 16 குகைகள், 208 வளைவுகள். 1854இல் திட்டம் பேச ஆரம்பித்து, 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வண்டி ஓட்டினார்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

எந்த இடத்தில் குளிர் தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்படி ஓரிடம் கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி என்ற கணக்கில் வெப்பம் இறங்குகிறது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் நிலையம் 1,700க்குச் சற்று மேலே. ஆக ஒன்பது டிகிரி வித்தியாசம், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், பல் பல்லாகக் கழிகிறது. அடர்லியில் ஜன்னலோரத்தில் இருந்தவர் கைக்குட்டையால் விசிறுவதை நிறுத்தினார். ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கி டீ வாங்கினார்கள், குரங்குகள் பிஸ்கட் வாங்கிக்கொண்டன. ரன்னிமேடில் ஒரு குழந்தைக்குக் குல்லா மாட்டினார்கள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, லாரியைப் பற்றிப் பேசுவதை விட்டாள். காட்டேரி ரோடு தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலை.

இந்தப் பாதையில் எங்களுக்கு முன்னால் ஓர் அரசாங்கமே குடிபோயிருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, கோத்தகிரிப் பக்கம் பங்களா கட்டி, பிறகு ஊட்டியில் கல் வீடு எழுப்பினார். அரை நூற்றாண்டில், 1870 வாக்கில், மதராஸ் கவர்னரும் அவருடைய கவுன்சிலும் கோடை வந்தால் ஊட்டிக்குப் போய்விடுவது அதிகாரபூர்வ வழக்கமாகிவிட்டது. போனால் ஒரு வாரம் பத்து நாள் இல்லை, வருஷத்தில் பாதி. செகரட்டரிகள், குமாஸ்தாக்கள், கோப்புக் கட்டுகள், சமையற்காரர்கள் எல்லோரும் மலையேறுவார்கள். செலவு மாகாணத்தின் தலையில். மதராஸ் பத்திரிகைகள் வருஷாவருஷம் திட்டித் தீர்த்தன. 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களை வைத்து மதராஸில் வெட்டிய கால்வாய்க்கு அவர் பெயர். ஊட்டியில் அரசினர் மாளிகையைக் கட்ட ஆரம்பித்ததும் அவர்தான். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றத்தோடு பல வருஷம் குடித்தனம் செய்தவன் என்ற முறையில், இந்தச் செய்தி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சுட்டது.

குன்னூரில் வீடு பார்த்துக் கொடுத்தவர் ஒரு படுகர் பெரியவர். அவருடைய வீட்டின் கீழ்த்தளத்துக்குத்தான் நாங்கள் வந்திருக்கிறோம். ஆரம்பத்தில் நான் கேட்ட கேள்விகள் சென்னைக் கேள்விகள்: வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பஸ் ஸ்டாப். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர் வாசலில் நின்று கையை நீட்டி ஒரு கோடு போட்டுக் காட்டினார். "காலையில ஏழரைக்கு அந்த மரத்துக்கு மேல வெயில் வருங்க. ரெண்டு, ரெண்டரை வரைக்கும் இந்தத் திண்ணையில நிக்கும். அப்புறம் மேட்டுக்குப் பின்னால போயிடும். அதோ, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கற வீடுங்க அழகா இருக்கும், வாடகையும் கம்மி. மார்கழியில அங்க மதியம்தான் வெயில் எட்டிப் பாக்கும்."

சென்னையில் மேற்கு வெயில் படாத வீடு என்றால் வாடகை கூடும். நிழலுக்கு விலை. இங்கே வெயிலுக்கு. ஒரே தெருவில் எதிரெதிரே உள்ள இரண்டு வீடுகளின் வாடகை வேறுபடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பார்த்தால் போதும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போகிறபோது வடக்குச் சரிவில் உள்ளவர்கள் பாடு திண்டாட்டம். சூரியன் போகிற போக்கில்தான் இந்த ஊரின் பகல் அடுக்கப்பட்டிருக்கிறது. காலை ஒன்பதரைக்குத் தெருவில் எல்லா வீட்டுப் பெரியவர்களும் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். துணி காயப்போடும் கொடிக்கு இரண்டு இடம், காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று. பதினோரு மணிக்கு யாராவது "வெயில் வந்திருச்சு" என்று குரல் கொடுத்தால், தலையணை, கம்பளி, மிளகாய், அரிசி, பாடப்புத்தகம், எல்லாம் வெளியே வரும்.

அப்படி வரக் காரணம் இருக்கிறது. சென்னையின் ஈரத்தை விட்டு ஓடிவந்தவர்களுக்கு மலைக்காரர்கள் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு விஷயம், இங்கே ஈரம் அதிகம் என்பது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் தொண்ணூற்றைந்து சதவீதம் என்று கருவி காட்டும், சென்னையின் புழுக்க நாளில்கூட அது எழுபது, எண்பதுதான். ஆனால் சதவீதம் பாதிக் கதைதான். முப்பது டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு முப்பது கிராம் நீராவி வரை தாங்கும். பதினைந்து டிகிரியில் பதின்மூன்று கிராமுக்குமேல் தாங்காது. அதனால் குன்னூர்க் காற்றில் உள்ள நீர் சென்னையில் உள்ளதில் பாதிதான் இருக்கும், ஆனால் கொஞ்சம் குளிர்ந்தாலும் அதைக் கீழே போட்டுவிடும். எங்கே போடும்? சுவரில், ஜன்னல் கண்ணாடியில், பீரோவுக்குப் பின்னால், செருப்புக்குள். சென்னையில் உடம்பு மேல் இருந்த ஈரம் இங்கே சாமான் மேல் இருக்கிறது. உடம்புக்குச் சுகம், உடைமைக்குக் கேடு.

வந்த வருஷமே மழைக்காலத்தில் அதன் கைவேலையைப் பார்த்தோம். ஷூவின் உள்பக்கம் வெள்ளைப் பூஞ்சை, மெல்லிய பஞ்சு விரித்ததுபோல். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து கட்டியாகி நின்றது. அப்பளம் மடங்கியது, உடையவில்லை. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது. என் புத்தகங்கள்தான் பாவம். அட்டை கட்டியவை தாங்கின. பசையில் ஒட்டிய பேப்பர்பேக்குகள் உப்பி, அலமாரியில் ஒன்றை உருவினால் நான்கு சேர்ந்து வந்தன. மேல்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டுப் போய், ஒரு நாற்பது வாட் குண்டு பல்பும் ஹோல்டரும் கொண்டுவந்து கொடுத்தார். பீரோவின் அடித்தட்டில் துணி படாத மூலையில் அதை எரியவிட்டுக் கதவை லேசாகச் சாத்தவேண்டும். பட்டுப்புடவைக்கு இதுதான் வைத்தியம். புத்தக அலமாரிக்கும் அப்படியே ஒன்று போட்டேன்.

அடுப்படிதான் உண்மையான எல்லைக்கோடு. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பதைப் பார்த்துப் பருப்பு வெந்திருக்கும் என்று நம்பமுடியாது, குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு மசியாது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடுகிறது, தலைக்கு வைக்கவேண்டுமென்றால் பாட்டிலைத் திண்ணை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். அதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். இட்லி மாவு பொங்காததை மட்டும் அவளால் ஏற்கமுடியவில்லை. சென்னையில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தை மீறி வழியும் மாவு, இங்கே கரைத்தது கரைத்தபடி விடிந்தது. உளுந்தைக் கூட்டினாள், வெந்தயம் சேர்த்தாள், அரிசியை மாற்றினாள், கையால் கலக்கினாள், கடைசியில் தண்ணீரைத் திட்டினாள். தெருவில் அவரவருக்கு ஒரு வழி இருந்தது. ஒருவர் கம்பளியில் சுற்றி வைக்கிறார். இன்னொருவர் வெந்நீர் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைக்கிறார். விறகடுப்பு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அணைத்த அடுப்பின் திட்டிலேயே வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் இப்போது பீரோவின் குண்டு பல்புக்குப் பக்கத்தில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, இட்லி மாவும் இருக்கிறது. மெதுவாகத்தான் புளிக்கும், ஒன்றரை நாள் ஆகும். ஆனால் புளிப்பு ஏறாமல் அப்படியே நிற்கும் என்பதால் நாலு நாளைக்கு ஒரே மாவு ஓடும். ஃப்ரிட்ஜைப் பற்றி அந்தப் பழைய சாமான்காரர் சொன்னது பாதி சரி.

கூரையில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. வீடு கட்டியவர்களுக்கு அது தோன்றவில்லை. குடிவந்த அன்று ராத்திரி அம்மா அறையிலிருந்து 'கிர்ர்' என்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு கம்பளிக்குள் அவள், சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்த டேபிள் ஃபேன் முழுவேகத்தில். "காத்து வேண்டாம்டா, சத்தம் வேணும். இல்லன்னா தூக்கம் வரல." இன்றுவரை அப்படித்தான்.

பக்கத்து வீட்டு அக்கா அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளப்பட்ட 5,25,000 பேரில் ஒரு குடும்பம் அவருடையது. அவரை அழைத்து வந்தபோது சின்னப் பெண். நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது, அதுதான் இன்றைய டேன்டீ. எங்கள் குளிர்ப் புராணத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "எங்களுக்குக் குளிரு புதுசு இல்ல தம்பி. மண்டபம் முகாம்ல எறங்கினப்பதான் வெயில்னா என்னன்னே தெரிஞ்சுச்சு. எங்கம்மா புழுக்கத்துல அழுதுருச்சு, இந்த ஊர்லயா இருக்கப்போறோம்னு. நீலகிரின்னு சொன்னதுக்கப்புறம்தான் சாப்பிட்டுச்சு." சொந்த ஊர் என்று அனுப்பப்பட்ட நாட்டில், விட்டு வந்த குளிர் இருக்கும் இடம் எது என்று விசாரித்துப் போனவர்கள் அவர்கள். நாங்கள் சுகம் தேடி வந்தவர்கள். இரண்டையும் ஒரே வார்த்தையில் குடிபெயர்வு என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் உண்டு. மழையில் இடுப்பில் சாக்கும் தலையில் பிளாஸ்டிக் உறையுமாக அவர் கொழுந்து பறித்த வருஷங்களின் கணக்கு, அவருடைய விரல் மூட்டுகளில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் திண்ணையில் அவருக்கு ஒரு நிரந்தர இடம் இருக்கிறது, வெயில் கடைசியாக விலகும் மூலை.

குன்னூருக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில். தென்மேற்குப் பருவக்காற்றை 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் அதன் தொடரும் பெரும்பாலும் மறித்துவிடுகின்றன. கூடலூரில் ஆனி, ஆடியில் கொட்டும்போது இங்கே தூறல். அதே மலைத்தொடர் ஐப்பசியில் வங்கக் கடலிலிருந்து வருவதைப் பிடித்து எங்கள் பக்கம் கொட்டுகிறது. சென்னைக்கு வரும் அதே மேகங்கள்தான். 2009 நவம்பரில் இந்தச் சரிவுகள் பல இடங்களில் இடிந்து இறங்கி நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதத்தில் இரவு மழை வலுத்தால் தெருவில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை என்பதை வந்த பிறகுதான் அறிந்தோம். மலை ரயில் அடிக்கடி நிற்கும், பர்லியார் சாலையில் மரம் விழும், மின்சாரம் போகும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கோயம்புத்தூர் போகவேண்டியவர்கள் கோத்தகிரி சுற்றிப் போகவேண்டும். இவ்வளவு மழையிலும் குழாயில் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான். பெய்வது எல்லாம் சரிவில் ஓடிவிடுகிறது, தேக்க இடமில்லை. தண்ணீர் லாரிக்குப் போன் செய்யும் பழக்கத்தைச் சென்னையிலேயே கற்று வந்ததால் அதில் எங்களுக்குச் சிரமமில்லை.

வெயிலும் எங்கள் பின்னாலேயே ஏறி வருகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி, 1951க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை என்றார்கள். குன்னூர்க் கடைவீதியில் இப்போது சுவெட்டருக்குப் பக்கத்தில் டேபிள் ஃபேன் விற்கிறது. அந்த வருஷம் மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது, உயர் நீதிமன்ற உத்தரவு. டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு. எங்களுடையது சென்னை வண்டி, அதனால் கல்லாரில் நிறுத்துகிறார்கள். "டூரிஸ்டா சார்?" என்று கேட்கும்போது பின்சீட்டிலிருந்து அம்மாதான் பதில் சொல்வாள், கொஞ்சம் சூடாக.

சித்தப்பா மகன் கத்திரி தொடங்கியதும் போன் செய்ய ஆரம்பித்துவிடுவான். அவனுக்கும் இங்கே வரவேண்டும், நான் நல்ல வீடாகப் பார்த்துச் சொல்லவேண்டும். மே மாதம் வந்து வீடு பார்க்காதே, கார்த்திகையில் வா என்கிறேன். மழையோடு பத்து நாள் தங்கு, முதல் நாளே ஒரு ஜீன்ஸைத் துவைத்துப் போடு, அது காய்ந்த பிறகு வாடகையைப் பேசு. அவன் சிரிக்கிறான். போன வாரம் தரகர் அனுப்பிய படம் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தான். பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னல், கீழே ஓடை, பின்னால் மேகம், வாடகை எங்களுடையதைவிடக் குறைவு. "என்னண்ணா, எப்படி?" என்று கீழே ஒரு வரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறையின் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது ஏன் என்று தரகரிடம் கேள், திண்ணையில் வெயில் எத்தனை மணி வரை நிற்கும் என்றும் கேள் என்று பதில் அனுப்பினேன். கேட்டானாம். தரகர் வாடகையை இன்னும் ஐந்நூறு ரூபாய் குறைத்திருக்கிறார்.